சைக்கிளும் கயாக்கும் ஏற்ற எந்த வண்டி? மைலேஜ் பறிபோகாமல் தேர்ந்தெடுக்கும் முழு வழிகாட்டி

கயாக் எனும் சிறு துடுப்புப் படகை வாங்கிய கையோடு காரையும் மாற்ற வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு வந்துவிடுகிறது. கலிபோர்னியாவின் வளைகுடாப் பகுதியில் நம் ஆட்கள் கூடும் எந்த விருந்திலும் இந்தப் பேச்சு அடிபடும். கடைசியில் வீட்டு வாசலில் மூன்று வரிசை எஸ்யூவி ஒன்று வந்து நிற்கும். கேலனுக்கு 22 மைல் கொடுத்தால் பெரிய விஷயம். கயாக் அதில் ஏறுவது மாதம் ஒரு முறை. மற்ற நாளெல்லாம் அது ஒற்றை ஆளைச் சுமந்துகொண்டு 101, 880 நெடுஞ்சாலைகளில் ஊர்ந்துகொண்டிருக்கும்.

அப்படி ஆகாமல் இருக்க என்ன செய்யலாம் என்று வரிசையாகப் பார்ப்போம். உதாரணத்துக்கு ஒரு பயணத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சன்னிவேலிலோ ஃப்ரீமான்ட்டிலோ கிளம்பி, மாஸ் லேண்டிங்கில் எல்க்ஹார்ன் ஸ்லூ கழிமுகத்தில் கயாக் விடுகிறோம். கடல் நீர்நாய்கள் மல்லாந்து மிதக்கும் இடம் அது. மதியத்துக்கு மேல் அங்கே காற்று ஏறிவிடும் என்பதால் கயாக் காலையில். அப்புறம் பக்கத்திலேயே, காஸ்ட்ரோவில் முதல் பசிபிக் குரோவ் வரை 18 மைல் நீளும் மான்டரே கடலோரப் பாதையில் சைக்கிள். போகவர சுமார் 150 மைல் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள், இரண்டு கயாக், சில சைக்கிள்.

முதல் படி: ஒரு தாளில் கணக்குப் போடுங்கள்

ஷோரூமுக்குப் போகும் முன் இதை முடித்துவிட வேண்டும். வருடத்துக்கு 12,000 மைல் ஓட்டுகிறீர்கள், பெட்ரோல் கேலன் 5 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோலும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட் வண்டி கேலனுக்கு 40 மைல் தந்தால் 300 கேலன் ஆகும். 28 மைல் தரும் வண்டிக்கு ஏறக்குறைய 428 கேலன். வித்தியாசம் வருடத்துக்கு 640 டாலர்.

இப்போது கயாக் பயணத்தைப் பாருங்கள். மாதம் ஒரு முறை போனால் வருடத்துக்கு 1,800 மைல். கூரைமேல் சுமை இருப்பதால் மைலேஜ் 20 சதவீதம் விழுந்து 40 மைல் 32 ஆகிறது என்று கொள்வோம். 45 கேலன் ஆக வேண்டிய இடத்தில் 56 கேலன் ஆகும். கூடுதல் செலவு வருடம் முழுவதற்கும் 55 டாலர்தான்.

மூன்றாவது கணக்குதான் பலரும் போடாதது. கயாக்கை இறக்கி வைத்த பிறகும் கூரைக் கம்பிகளையும் ராக் எனும் தாங்கியையும் கழற்றாமல் வருடம் பூராவும் ஓட்டினால்? வெறும் 5 சதவீத இழப்பு என்று எடுத்துக்கொண்டாலும் 300 கேலன் 316 ஆகிவிடும். அதாவது, கயாக்கைச் சுமப்பதற்கு ஆகும் பெட்ரோலைவிட, அதைச் சுமக்காத நாட்களில் காலி ராக்கைச் சுமப்பதற்கு அதிகம் ஆகிறது.

இந்த மூன்று எண்களும் சேர்ந்து ஒன்றைச் சொல்கின்றன. தினசரி ஓட்டத்துக்கு எது சிக்கனமோ அந்த வண்டியை எடுங்கள். கயாக்கையும் சைக்கிளையும் அதில் ஏற்றுவதற்கு வழி தேடுங்கள். இனி வரும் படிகள் எல்லாம் அந்த வழியைப் பற்றியவை. உங்கள் மைல் கணக்கு வேறாக இருக்கலாம். வீட்டிலிருந்தே வேலை, வாராவாரம் கயாக் என்றால் விடை மாறும். எண்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது படி: வைத்திருக்கும் சாமான்களை எடை போடுங்கள்

குளியலறை எடைக் கருவி போதும். நீங்கள் ஏறி நின்று ஒரு முறை, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஒரு முறை. விளம்பரத்தில் போட்டிருக்கும் எடையில் இருக்கையும் துடுப்பும் சேர்ந்திருக்காது.

பொதுவாக 10 அடி பொழுதுபோக்குக் கயாக் 40 முதல் 50 பவுண்டு. மீன்பிடிக் கயாக் 80-ஐத் தாண்டி 120 வரை போகும். ரோடு பைக் 20 பவுண்டைச் சுற்றி, மலை சைக்கிள் 30-க்கு மேல், மின்சார சைக்கிள் 50 முதல் 70.

மீன்பிடிக் கயாக் வைத்திருப்பவர்கள் இங்கேயே ஒரு முடிவு எடுத்துவிடலாம். 100 பவுண்டு பிளாஸ்டிக்கைத் தலைக்குமேல் தூக்கி வைக்கிற வேலை ஒருவரால் ஆகாது. கூரையை மறந்துவிட்டு டிரெய்லரையோ சிறிய டிரக்கையோ பாருங்கள். நேர் எதிராக, காற்றடைக்கும் கயாக்கும் ஓரூ போன்ற மடக்குக் கயாக்கும் டிக்கியில் அடங்கிவிடும். கடலுக்குள் போகப் போவதில்லை, அமைதியான நீர்தான் என்றால் இவை தாராளமாகப் போதும். அப்படிப்பட்டவர்களுக்கு எந்த வண்டி என்ற கேள்வியே பாதி தீர்ந்துபோகிறது.

மூன்றாவது படி: எதை எங்கே ஏற்றுவது

வண்டியின் மாடலைவிட இதுதான் மைலேஜைத் தீர்மானிக்கிறது. ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

அமெரிக்க எரிசக்தித் துறை தரும் எண்கள் இவை. கூரைமேல் மொட்டையான பெரிய சாமான் பெட்டி வைத்தால் நகருக்குள் 2 முதல் 8 சதவீதமும், நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவீதமும், 65-75 மைல் வேகத்தில் 10 முதல் 25 சதவீதமும் மைலேஜ் குறையும். அதே சாமான் வண்டியின் பின்னால் தொங்கினால் நகருக்குள் 1 அல்லது 2 சதவீதம், நெடுஞ்சாலையில் 1 முதல் 5 சதவீதம். எடையைப் பொறுத்தவரை, 100 பவுண்டு கூடினால் சுமார் 1 சதவீதம்தான் இழப்பு. உண்மையில் பெட்ரோலைக் குடிப்பது காற்று.

இதை வைத்துக்கொண்டு சைக்கிளையும் கயாக்கையும் பாருங்கள். கயாக்கின் மூக்கு கூர்மையானது. தண்ணீரைக் கிழிக்கச் செய்த உருவம் காற்றையும் ஓரளவு கிழிக்கும். சைக்கிள் அப்படி இல்லை. கைப்பிடி, பெடல், சக்கரக் கம்பி என்று அத்தனையும் காற்றில் மோதும், போதாததற்குக் கூரைமேல் நெட்டுக்குத்தாக நிற்கும். ஆகவே கயாக் கூரைமேல், சைக்கிள் பின்னால். இடம் மாற்றி வைக்கவே வேண்டாம். பின்னால் ஹிட்ச் எனும் இழுவை இணைப்பில் மாட்டிய ராக்கில் நிற்கும் சைக்கிள், வண்டி ஏற்கனவே காற்றை விலக்கிவிட்ட நிழலில் வருகிறது. கூரைமேல் சைக்கிள் இருப்பதை மறந்து வீட்டு கராஜுக்குள் நுழைகிற விபத்துக்கும் இடமில்லை.

சைக்கிளை உள்ளேயே வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. முன்சக்கரத்தைக் கழற்றி, பின் இருக்கையைச் சாய்த்தால் டொயோட்டா ரேவ்4 எஸ்யூவி அளவு வண்டியில் இரண்டு சைக்கிள் படுக்கும். காற்றுத் தடை கிடையாது, மாஸ் லேண்டிங்கில் நீங்கள் தண்ணீரில் இருக்கும்போது திருட்டுப் பயமும் குறைவு. ஆனால் பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள் என்பது அடுத்த கேள்வி. தம்பதியர் இருவர் மட்டும் போகும் வீடுகளுக்கு இந்த வழி.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். 60 மைலில் போவதைவிட 75 மைலில் போனால் தடை ஒன்றரை மடங்குக்கு மேல். கூரைமேல் கயாக் இருக்கும்போது வலதுபுறத் தடத்தில் 60-இல் போங்கள். வண்டியை மாற்றாமலே கிடைக்கும் மிச்சம் இது.

நான்காவது படி: மூன்று எடை வரம்புகள்

இங்கேதான் கடைக்காரர்கள் மழுப்புவார்கள். மூன்றையும் காகிதத்தில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒன்று, கூரை. வண்டி ஓடும்போது கூரை தாங்கும் எடை பெரும்பாலான வண்டிகளில் 100 முதல் 165 பவுண்டுக்குள் இருக்கும். நீங்கள் தனியாக வாங்கிப் போடும் குறுக்குக் கம்பியும் கயாக் தாங்கியும் இதில் அடக்கம். 50 பவுண்டு கயாக் இரண்டு, கம்பி 15, தாங்கிகள் 25 என்றாலே 140 வந்துவிட்டது. கையேட்டில் 700 பவுண்டு என்று பெரிய எண் தென்பட்டால் ஏமாற வேண்டாம். அது வண்டி நிற்கும்போது கூரைமேல் கூடாரம் போடுகிறவர்களுக்கான எண். சுபாரு அவுட்பேக்கின் 2020-2025 மாடல்களில் பெரும்பாலும் ஓடும்போது 150, நிற்கும்போது 700. கண்ணாடிக் கூரை உள்ள மாடலுக்கு வரம்பு வேறாக இருக்கலாம். அந்த மாடலில் எந்த டிரிம் (வகை) வாங்குகிறீர்களோ அதற்கான எண்ணையே கேளுங்கள்.

இரண்டு, ஹிட்ச். இழுவைத் திறன் எத்தனை பவுண்டு என்று எல்லோரும் கேட்கிறார்கள். சைக்கிள் ராக்குக்குத் தேவை அதுவல்ல. ஹிட்ச் எவ்வளவு எடையைச் செங்குத்தாகத் தாங்கும் என்பதுதான். டங் வெயிட் என்று கேட்டால் புரியும். பெரும்பாலும் இழுவைத் திறனில் 10 சதவீதம். ரேவ்4 ஹைப்ரிட் 2025 மாடல் வரை 1,750 பவுண்டு இழுக்கும், ஆக 175. நல்ல ராக் ஒன்றே 50 பவுண்டு இருக்கும். அதில் 65 பவுண்டு மின்சார சைக்கிள் இரண்டை வைத்தால் 180, வரம்பு தாண்டிவிட்டது. பேட்டரிகளைக் கழற்றி உள்ளே வைத்தால் 165 அளவில் தப்பிக்கலாம். ஹோண்டா சிஆர்-வி ஹைப்ரிட்டின் இழுவைத் திறன் 1,000 பவுண்டுதான். அதே 10 சதவீதக் கணக்கில் 100 வரும். ராக்கும் சாதாரண மலை சைக்கிள் இரண்டும் சேர்ந்தாலே அதைத் தாண்டும். எடை குறைந்த ராக்கும் ரோடு பைக்கும் என்றால் பிரச்சினை இல்லை.

ஹிட்ச்சில் ராக்கைச் சொருகும் ரிசீவரின் துளை அளவும் முக்கியம். ஒன்றேகால் அங்குலம் என்றால் பெரும்பாலும் இரண்டு சைக்கிளோடு சரி. நான்கு சைக்கிள் ராக்குகளுக்கு இரண்டு அங்குலம் வேண்டும். வண்டியோடு வராவிட்டாலும் யூ-ஹால் போன்ற இடங்களில் வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். சைக்கிளுக்கு மட்டும் என்றால் மின்கம்பி இணைப்பு தேவையில்லை. ஒன்று கவனியுங்கள்: பெரிய ரிசீவர் போட்டதால் வண்டியின் வரம்பு ஏறிவிடாது. இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு.

மூன்று, மொத்தச் சுமை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் சட்டத்தில் டயர் ஸ்டிக்கர் இருக்கும்; ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டு என்று அதில் அச்சிட்டிருக்கும். சிறிய கார்கள் பலவற்றில் 850-ஐச் சுற்றி. நம் குடும்பத்தை ஏற்றிப் பார்ப்போம்: பெரியவர்கள் 330, பிள்ளைகள் 140, கூரையில் 140, ஹிட்ச்சில் 110, துடுப்பு, உயிர்காப்பு அங்கி, ஐஸ் பெட்டி, புளிசாதம் எல்லாம் சேர்த்து 80. மொத்தம் 800. மாமனார் மாமியாரும் வருகிறார்கள் என்றால் அந்தக் கார் அன்றைக்கு ஆகாது.

ஐந்தாவது படி: எந்த வண்டி யாருக்கு

டொயோட்டா பிரியஸ். 2023-இல் புதிய உருவத்தில் வந்தபின் கேலனுக்கு 57 மைல் வரை தருகிறது. கூரை தரையிலிருந்து 56 அங்குலம்தான். உயரம் குறைந்தவர்கள்கூட அதிகம் சிரமப்படாமல் கயாக்கை வைத்துவிடலாம். ஆனால் அமெரிக்காவில் இதற்கு இழுவை அனுமதி கிடையாது. டிரெய்லர் பேச்சே எடுக்க வேண்டாம். வெளிக்கடை ஹிட்ச் போட்டுச் சைக்கிள் மட்டும் ஏற்றுகிறவர்கள் பலர் உண்டு, அதற்கு முன் வாரண்டி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். இருவர், இரண்டு இலேசான கயாக், தினமும் நீண்ட தூர வேலைப் பயணம் என்றால் என் முதல் தேர்வு இதுதான்.

ரேவ்4 ஹைப்ரிட். 2025 மாடல் வரை 40 மைல். எல்லாவற்றிலும் நடுவாந்தரம், எதிலும் மோசமில்லை. நான்கு பேர் குடும்பத்துக்கு இதை மீறி யோசிக்கக் காரணம் வேண்டும். சொருகி மின்னேற்றும் வகை, 2025 மாடல் வரை, 42 மைல் பெட்ரோல் இல்லாமல் ஓடும், 2,500 பவுண்டு இழுக்கும். வேலைக்குப் போகவர அந்தத் தூரம் போதும் என்றால் வாரநாட்களில் பெட்ரோல் பங்குப் பக்கமே போக வேண்டாம். 2026 மாடலிலிருந்து ரேவ்4 எல்லாமே ஹைப்ரிட்தான். பழைய வண்டி வாங்கும்போது மட்டும் ஹைப்ரிட்டா இல்லையா என்று பாருங்கள்.

சிஆர்-வி ஹைப்ரிட். முன்சக்கர இயக்கத்தில் 40, நான்கு சக்கர இயக்கத்தில் 37. உள்ளே இடம் தாராளம். சைக்கிளை உள்ளே வைப்பவர்களுக்குப் பொருத்தம். ஹிட்ச் விஷயம் மேலே சொன்னதுதான்.

டொயோட்டா சியன்னா மினிவேன். நம் வீடுகளில் ஊரிலிருந்து பெற்றோர் ஆறு மாதம் வந்து தங்குவார்கள் என்பதற்காகவே வாங்கப்படும் வண்டி. 2021 முதல் ஹைப்ரிட் மட்டுமே. 36 மைல், இழுவை 3,500 பவுண்டு. இந்தப் பட்டியலில் ஹிட்ச் வலு அதிகம் உள்ளவற்றில் ஒன்று என்பதால் நான்கு சைக்கிள் பின்னால் ஏற்ற யோசிக்க வேண்டியதில்லை. மூன்றாம் வரிசை தரைக்குள் மடங்கும். இரண்டாம் வரிசையைப் பழைய சியன்னாபோல் கழற்ற முடியாது, முன்னால் தள்ளத்தான் முடியும். குறை, கூரை உயரம். படிக்கட்டு ஸ்டூல் ஒன்று வண்டியிலேயே கிடக்க வேண்டும்.

ஃபோர்டு மேவரிக் ஹைப்ரிட். டிரக் என்றாலே பெட்ரோல் குடிக்கும் என்ற எண்ணத்தை உடைத்தது, 37 மைல். பின் தொட்டி நாலரை அடி, கதவைத் திறந்தால் ஆறடி. 10 அடி கயாக்கை இடுப்பு உயரத்தில் தள்ளிவிட்டுக் கட்டினால் முடிந்தது, காற்றும் பெரும்பாலும் கேபினுக்குப் பின்னால் அடங்கிவிடும். 12 அடி என்றால் ஹிட்ச்சில் சொருகும் நீட்சித் தாங்கி வேண்டும். மீன்பிடிக் கயாக்காரர்களுக்கு இதைவிட நல்ல சிக்கன வழி எனக்குத் தெரியவில்லை. சைக்கிள், கயாக் எதற்கும் பூட்டு மட்டும்தான் காவல்.

அவுட்பேக்கைக் கயாக்காரர்கள் பரம்பரையாக விரும்புவார்கள். 2025 வரையிலான மாடலில் கூரை தாழ்வு, நீளம், மடித்து விரிக்கும் குறுக்குக் கம்பி வண்டியோடு வருவது எல்லாம் உண்டு. ஆனால் ஹைப்ரிட் இல்லாமல் 28 மைல் சொச்சம். முதல் படியில் போட்ட 640 டாலர் கணக்கு இந்த வித்தியாசத்துக்குத்தான். பனிமலைக்கு அடிக்கடி போகிறவர்கள் தவிர மற்றவர்கள் அந்தப் பணத்தை ராக்கில் போடலாம்.

மின்வண்டி வைத்திருப்பவர்களுக்கும் காற்றுக் கணக்கு அப்படியே பொருந்தும், மைலேஜுக்குப் பதில் ரேஞ்ச், அதாவது ஒரு முறை மின்னேற்றினால் ஓடும் தூரம் குறையும். 150 மைல் போய்வர இன்றைய வண்டிகளுக்குச் சிரமமில்லை. டிரெய்லரோடு போனால் பல மின்னேற்று நிலையங்களில் வண்டியை நுழைக்கவே இடம் இருக்காது.

ஆறாவது படி: வாங்கும் முன் டீலரிடம்

அளவு நாடாவும் குடும்பத்தில் உயரம் குறைந்தவரும் கூட வரட்டும். அவர் கையை உயர்த்தினால் கூரை விளிம்பு எட்டுகிறதா? குறுக்குக் கம்பிகள் இரண்டுக்கும் நடுவே குறைந்தது 24 அங்குலம் கிடைக்கிறதா? நெருக்கமாக இருந்தால் 12 அடி கயாக் காற்றில் தலையாட்டும். ஹிட்ச்சில் ராக் இருக்கும்போது பின்கதவு திறக்குமா என்பது ராக்கைப் பொறுத்தது. கீழே சாய்கிற ராக்காகப் பாருங்கள். ஓட்டிப் பார்க்கும்போது உங்கள் சைக்கிள் ஒன்றைக் கொண்டுபோய் உள்ளே வைத்துப் பார்க்கக் கேளுங்கள். மறுத்தால் அடுத்த டீலர்.

தூக்குவதுதான் தடை என்றால் உதவிக்கருவிகள் உண்டு. தூலே ஹல்லவேட்டர் கயாக்கை இடுப்பு உயரத்தில் வாங்கிக்கொண்டு மேலே ஏற்றும். விலை அதிகம், கருவியின் எடையும் கூரைக் கணக்கில் சேரும். அதற்குப் பதில் தாழ்ந்த வண்டி வாங்குவது மலிவு. இல்லையென்றால் பழைய போர்வை முறை: பின்கண்ணாடிக்குமேல் கனமான போர்வையை விரித்து, கயாக்கின் மூக்கை அதன்மேல் சாய்த்து வையுங்கள். பாதி எடை இப்போது வண்டியில். பின்னால் போய் வாலைத் தூக்கி முன்னால் தள்ளினால் அதுவாக வழுக்கி ஏறும். பின்கண்ணாடி வைப்பர் நீட்டிக்கொண்டிருக்கும் வண்டியில் மட்டும் ஜாக்கிரதை.

கடைசியாக, கட்டுவது

கொக்கியைத் திருகி இறுக்கும் ராச்செட் பட்டை கயாக்குக்கு வேண்டாம். பிளாஸ்டிக் உடல் நசுங்கும். கையால் இழுத்து இறுக்கும் கேம் பட்டை போதும். பட்டையை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் நெடுஞ்சாலையில் அது ஊளையிடாது. மூக்கிலும் வாலிலும் தனியாக ஒவ்வொரு கயிறு. கலிபோர்னியாவில் சுமை வண்டியின் பின்புறத்தைத் தாண்டி நாலடிக்கு மேல் நீட்டினால் சிவப்பு அல்லது பளிச்சென்ற ஆரஞ்சுக் கொடி கட்ட வேண்டும். நம்பர் பிளேட்டை ராக் மறைத்தாலும் அபராதம் வரலாம். டிரெய்லர் இழுத்தால் வேக வரம்பு 55 மைல்.

பத்து மைல் போனதும் ஒரு முறை நிறுத்திப் பட்டைகளை இழுத்துப் பாருங்கள், புதுப் பட்டை தளரும். உப்புநீரில் விட்டு வந்தால் அன்றைக்கே ராக்கையும் கொக்கிகளையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கழுவிய கையோடு கம்பிகளைக் கழற்றிக் கராஜ் சுவரில் மாட்டிவிடுங்கள். அவுட்பேக்போல் மடக்கும் கம்பி என்றால் மடக்கினால் போதும். திங்கட்கிழமை காலை 101-இல் ஏறும்போது கூரை மொட்டையாக இருக்க வேண்டும்.